ரங்கூனில் எடுத்த படம்

செட்டிநாட்டு வீடுகளில் போட்டோக்கள் சுவரோடு ஒட்டித் தொங்குவதில்லை. நிலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், கீழ்ச்சட்டம் ஆணியில் உட்கார்ந்திருக்க, மேல்பக்கத்தைக் கயிற்றில் கட்டி முன்னால் சாய்த்து விட்டிருப்பார்கள். அண்ணாந்து பார்ப்பவருக்கு முகம் நேராகத் தெரியும். வளவிலிருந்து வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசாது. என் தொழிலுக்கு அதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சாய்ந்த படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடுகிறது, சுவரின் ஈரம் படத்தில் இறங்குவதில்லை. எண்பது, தொண்ணூறு வயதான படங்கள் இந்தப் பக்கம் பிழைத்துக் கிடப்பதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடுக்குமாடி வீட்டுச் சுவரில் அறைந்து மாட்டிய படத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பழைய குடும்பப் படங்களைக் கணினியில் சீர்செய்து கொடுப்பது என் பிழைப்பு. வழக்கமாகப் படம்தான் என்னைத் தேடி வரும். கூரியரில் வரும், மஞ்சள் பையில் சுருட்டி வரும், முக்கால்வாசி வாட்ஸ்அப்பில் வரும். இந்தப் படம் வர முடியாது. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில், கண்ணாடியோடு ஒட்டிப்போய்த் தொங்குகிறது. பஸ்ஸில் கொண்டுபோனால் சில்லாகிவிடும் என்று வீட்டு ஆச்சி விடவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகன், யாரையோ விட்டுப் போனில் எடுக்கவைத்து எனக்கு அனுப்பியிருந்தார். 1930-களின் நடுவில் ரங்கூன் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த, வட்டிக்கடை ஆட்களின் குழுப்படம். நாற்காலியில் மேலாள், பக்கத்தில் அடுத்தாள், பின்னால் நிற்கும் இளவட்டங்களில் வலது ஓரத்தில் இருப்பவர் ஆச்சியின் அப்பச்சி, அதாவது அப்பா; பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர். அவர் முகம் இருந்த இடத்தில் கரையான் அரித்த ஓட்டை. மேல்நெற்றியும் ஒரு தோளும்தான் மிச்சம்.

"முகத்த மட்டும் வெச்சுக் குடுங்க, செலவு பத்திக் கவலையில்ல" என்று மகன் எழுதியிருந்தார்.

முகம் வைப்பது இன்று நிமிட வேலை. ஏஐ செயலிகள் இலவசமாகவே செய்கின்றன. அவரும் முயன்று பார்த்திருந்தார், விளைவையும் அனுப்பியிருந்தார். அழகான பையன். பல்வரிசை தெரிய லேசாகச் சிரிக்கிறான். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் அப்படி யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. இந்த மென்பொருள்களில் பலரும் பயன்படுத்தும் ஒன்று 2021-இல் வெளிவந்த ஜிஎஃப்பி-கான். ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்களைப் பார்த்துப் பழகியது அது. மங்கிய முகத்தைக் கொடுத்தால், அந்த எழுபதாயிரத்தில் கற்றதை வைத்து, இங்கே எது இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பும். துலக்கமாகவும் நிரப்பும். ஆனால் அந்தக் கூட்டத்தில் ரங்கூன் வட்டிக்கடையில் நின்ற பையன் எவனும் இல்லை.

நான் அவரிடம் வேறொன்று கேட்டேன். அந்தக் காலத்தில் ஒரு நெகட்டிவிலிருந்து ஒரே ஒரு பிரதி எடுப்பதில்லை; படத்தில் நிற்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒன்று போகும். மற்ற வீடுகள் எவை? இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: மேலாளின் வாரிசுகள் தேவகோட்டையில் இருந்தார்கள், வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது, சாவி ஒரு பங்காளியிடம்.

நேரில் போவதென்று முடிவுசெய்தேன். சென்னை எழும்பூரிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இரவில் காரைக்குடி போய்ச் சேரும். விருத்தாசலம் வரை மடிக்கணினியில் வேலை பார்த்தேன். திரையில் ஒரு பாட்டியின் படம்; நாற்காலியில் உட்காரவைத்து, நாடிக்கட்டு கட்டி, மாலை போட்டு, சுற்றி உறவுக்காரர்கள் நிற்க எடுத்தது. கிராமங்களில் எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே போட்டோ செத்த அன்று எடுத்ததுதான். காரியத்துக்குள் வேண்டும், கண்ணைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பார்கள். பாட்டிக்கு வேறு படம் இல்லையென்றால், "மக கண்ணு அதே சாடைதான், அத எடுத்து வெச்சிருங்க" என்பார்கள். அந்த வேலையை நான் எடுப்பதில்லை. கட்டை நீக்கி, மாலையைக் குறைத்து, தூங்குகிற முகமாகச் செய்து தருகிறேன். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

எதிர் இருக்கைக்காரர் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் போனை நீட்டினார். அப்பா அம்மா கல்யாணப் படம், 1979. கலர்ப் படம்தான், ஆனால் மொத்தமும் செங்கல் நிறத்தில் இருந்தது. "வெயிலே படாம பீரோவுலதான் சார் வெச்சிருந்தோம்" என்றார். அதுதான் விஷயம். அந்தக் காலத்துக் கலர்க் காகிதத்தில் மூன்று சாயங்கள் இருக்கும். அவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டிலேயே, வெப்பத்தில், தானாகச் சிதையும். அது போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். பீரோ காப்பாற்றவில்லை, சென்னை வெக்கையில் பீரோவும் அடுப்புதான். கறுப்புவெள்ளைப் படம் வெள்ளித் துகளால் ஆனது, அதனால் அப்பாவின் கலர்க் கல்யாணத்தைவிடத் தாத்தாவின் கறுப்புவெள்ளைக் கல்யாணம் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கட்டணம் கேட்டார், சொன்னேன், போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அரியலூர் வரை ஜன்னலைப் பார்த்தார்.

காலையில் காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கு டவுன் பஸ். இந்த ஊர்களைப் பற்றி எழுதுபவர்கள் ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்கையும் விடுவதில்லை. எனக்குக் கண்ணில் பட்டது பூட்டுகள். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுக் கதவுமாக நீளும் வீடு, இரண்டு பக்கமும் பூட்டு. திறந்திருந்தவற்றில் ஒன்று நான் போக வேண்டியது.

ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. "வாங்க தம்பி, மொதல்ல காப்பி சாப்பிடுங்க" என்று பட்டாலையில் உட்காரவைத்துவிட்டு, தானே ஏணிக்கு ஆள் கூப்பிடப் போனார். படம் இறங்கியது. அடியில் அட்டையில் ஸ்டுடியோவின் பெயர் தேய்ந்து, ரங்கூன் என்பது மட்டும் புடைப்பெழுத்தாக விரலுக்குத் தட்டுப்பட்டது. அந்த ஊரில் அன்றைக்கு ஸ்டுடியோக்களுக்குக் குறைவில்லை. பர்மாவின் தபால் அட்டைப் படங்களால் பெயர்பெற்ற டி. ஏ. அஹுஜாவின் கடை அங்கேதான் இருந்தது. நகரத்தார் செட்டியார் கடைகள் நிறைந்த மொகல் தெருவும் அங்கேதான். 1930-இல் பர்மாவில் நகரத்தார் போட்டிருந்த முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று அப்போதைய வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் நிலம் நிலமாக வந்து சேர்ந்து, 1938-இல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்கள் கையில் இருந்தது. படம் எடுத்தது இந்த இரண்டுக்கும் நடுவில். மேலாள் முகத்தில் கவலை ஒன்றும் தெரியவில்லை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. அப்பச்சி அதன்பிறகு அரக்கான் வழியாக நடந்தே வந்து சேர்ந்ததாக ஆச்சி சொன்னார். "வரும்போது கால்ல செருப்பில்ல. எனக்கு அப்ப நாலு வயசிருக்கும். ஆளு தெரியாம அழுதேனாம்." அவர் நடந்து வருவதற்கு முன்பே, தபாலில் வந்துவிட்டது இந்தப் படம்.

ஈரத்தில் படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிரிக்கப் போனால் முகங்கள் கண்ணாடியோடு வரும், காகிதம் கையில் நிற்கும். ஒட்டினது ஒட்டினபடியே இருக்கட்டும் என்று கண்ணாடிக்கு மேலேயே எடுப்பதுதான் நல்லது. படத்தைப் பட்டாலைத் தரையில் படுக்கவைத்து, கேமராவை நேர்மேலே தாங்கியில் கட்டி, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்தேன். விளக்குகளுக்கு முன்னால் போலரைசர் தாள், லென்ஸில் குறுக்கே திருப்பிய போலரைசர். இப்படி வைத்தால் கண்ணாடியின் பளபளப்பு அடங்கும். பழைய படங்களின் கரும்பகுதியில், ஓரங்களில், நீலமாக ஒரு மினுமினுப்பு ஏறியிருக்கும். உள்ளேயிருக்கும் வெள்ளி மேலே கசிந்து வந்து கண்ணாடிபோல் படிவது அது. அதுவும் அடங்கும்.

கறுப்புவெள்ளைப் படத்தைக் கலரில் ஏன் எடுக்கிறீர்கள் என்று ஏணி பிடித்த பையன் கேட்டான். கோப்புக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனிப் படங்கள் இருக்கின்றன. படத்தின் நடுவில் தேநீர் நிறத்தில் ஒரு கறை. நீலப் பதிவில் அது கரிய மேகமாகத் தெரிந்தது, சிவப்புப் பதிவில் அநேகமாக இல்லை. கறையை அழிக்கவே வேண்டாம், சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். 2002-இல் ஃபோட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ் வந்தபோது எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு அது பெரிய வரம். ஆனாலும் பிரஷ்ஷைத் தொடுமுன் இந்த மூன்றையும் திறந்து பார்க்காதவனிடம் நான் படம் கொடுக்க மாட்டேன்.

ஓட்டையை எதுவும் செய்ய முடியவில்லை. பெரிதாக்கிப் பார்த்ததில் பின்னட்டையின் நார்தான் தெரிந்தது.

ஆச்சி அதற்குள் தன் கல்யாணப் படத்தை எடுத்து வந்திருந்தார். 1950-களின் பிற்பகுதி, நல்ல நிலையில் இருந்தது. அதையும் மகன் செயலியில் போட்டுத் துலக்கிக் கலர் ஏற்றி அனுப்பியிருக்கிறார்; ஆச்சி போனில் காட்டினார். "இது என்ன தம்பி, கழுத்துல பூமாலயா?" கழுத்தில் இருந்தது கழுத்திரு. நகரத்தார் பெண்ணுக்குக் கல்யாணத்தில் பூட்டும், கையகலத் துண்டுகள் கோத்த தங்கக் கழுத்தணி. அதன் வடிவம் மென்பொருளுக்குப் பழக்கமில்லை. பூவாகவும் இலையாகவும் இழைத்துவிட்டது. மாப்பிள்ளையின் காதிலிருந்த கடுக்கனைத் தூசி என்று எடுத்துப்போட்டிருந்தது. புடவைக்கு ஊதா. ஆச்சி கட்டியிருந்தது அரக்கு. பழைய பிலிம்களில் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் உறைக்காது. அரக்கும் குங்குமமும் கறுப்பாகவே விழும். கறுப்பிலிருந்து எந்த நிறம் என்று யாராலும் திருப்பிச் சொல்ல முடியாது, கட்டியவரைத் தவிர.

அதே காரணத்தால் நம் ஆட்களின் தோல் இருந்ததைவிடக் கறுத்து விழும். அதற்கு ஸ்டுடியோக்காரர்கள் கண்டுபிடித்த மருந்துதான் டச்சிங். சாய்வுப் பலகையில் கண்ணாடி நெகட்டிவை வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்தின் மேல் பொடிப் பொடியாகக் கிறுக்குவார்கள். நெகட்டிவில் பென்சில் விழுந்த இடம் பிரதியில் வெளுக்கும். அம்மைத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழ் பள்ளம் நிரம்பும், பெண் 'கலராக' ஆவாள். கைதேர்ந்தவரின் கிறுக்கல் பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. ஆச்சியின் கன்னத்தில் எனக்கு அது தெரிந்தது. சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் கட்டுரை திசை மாறிவிடும். தேவகோட்டைச் சாவி மாலையில்தான் கிடைக்கும் என்பதால் நடுவில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ள தெரு. பங்கு பிரித்து இடித்த வீடுகளின் தூண், கதவு, பீங்கான், எனாமல் சட்டி, கூடவே சுவர்ப் படங்கள். தரையில் புத்தகம் அடுக்கியதுபோல் நிறுத்தி வைத்திருந்த சட்டங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ரவிவர்மா அச்சுப்படங்களுக்கு ஒரு விலை, கண்ணாடி ஓவியத்துக்கு அதைவிடக் கூட, குடும்பப் படத்துக்குச் சட்டத்தின் விலை மட்டும். "உள்ள இருக்கறவங்க வேணாம்னா எடுத்துட்டுத் தரேன்" என்றார் கடைக்காரர். வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்களாம்; ஓட்டல்காரர்கள், சொகுசு விடுதிக்காரர்கள். வரவேற்பறையில் பழைய வாசனைக்கு மாட்டுகிறார்கள். யாருடைய ஐயாவோ யாருடைய அப்பத்தாவோ, பெயரில்லாமல், காலைப் பலகாரம் சாப்பிட வருகிறவர்களை அண்ணாந்து பார்க்கவைக்கிறார்கள். எனக்கு இதில் கோபப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. பரணில் கரையானுக்குக் கிடைப்பதைவிட ஓட்டல் மேல் என்றும் தோன்றுகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடிப் பதிவுசெய்திருக்கிறது. அப்படி யாராவது வந்து நகல் எடுத்துப் பெயரும் எழுதிவைக்கும்வரை ஒரு படம் ஏதோ ஒரு சுவரில் தொங்கினால் போதும். ரங்கூன் குழுப்படம் அந்த அடுக்கில் இல்லை.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை ரஸ்தா வழியாகப் போகும் பஸ்ஸில் கூட்டம். சாவி வைத்திருந்த பங்காளி, அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர், வாசலில் காத்திருந்தார். பங்காளிகள் பலருக்குப் பங்குள்ள வீடு. விற்கவும் முடியவில்லை, ஓடு மாற்றவும் ஒத்துவரவில்லை. படைப்புக்கு மட்டும் எல்லோரும் வந்து கூடி, முன்னோருக்குப் படைத்துவிட்டு, மறுநாள் பூட்டிவிட்டுப் போவார்களாம். வளவின் ஒரு மூலையில் வானம் தெரிந்தது.

படம் இருந்தது. ஆனால் ஆச்சி வீட்டில் இருந்தது மாதிரி இல்லை. அதைப்போல் இரண்டு மடங்கு. யாரோ பிற்பாடு பெரிதாக்கி, மேலே வர்ணம் தீட்டவைத்திருக்கிறார்கள். மூலையில் தூரிகையால் 1951 என்று எழுதியிருந்தது. பெயிண்டிங் போட்டோ என்பார்கள் இந்தப் பக்கம். மேலாளின் சால்வைக்குத் தங்கச் சரிகை வந்திருந்தது. பின்திரையில் இருந்த தூணுக்குப் பின்னால் இல்லாத ஏரி ஒன்றும் இரண்டு அன்னமும். வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே ரோஜாக் கன்னம், ஒரே மாதிரி கண். வலது ஓரத்துப் பையனுக்கும்.

கொஞ்சம் அயர்ந்துதான் போனேன். எழுபதாயிரம் முகத்திலிருந்து தப்பித்து வந்தால், இங்கே எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் அந்த வேலையைத் தன் கையால் முடித்து வைத்திருக்கிறார்.

இருட்டுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது. மின்சாரம் இல்லாத வீடு. விளக்குக்கு நான் பேட்டரி வைத்திருந்தேன். திரையில் சிவப்புப் பதிவைத் தனியே திறந்தபோதுதான் பங்காளி, "அட" என்றார். முகத்துக்குப் பூசிய ரோஸ் நிறம் தண்ணீரில் கரைத்த மெல்லிய சாயம். சிவப்பு ஒளியில் ரோஸும் வெள்ளையும் ஒன்றுதான். எனவே அந்தப் பதிவில் கன்னத்துப் பூச்சு காணாமல்போய், அடியில் வெள்ளித் துகளாலான உண்மைப் படம் நின்றது. ஒடுக்கமான முகவாய். மேலுதட்டில் அப்போதுதான் அரும்பிய மீசை. பெரிய, வெளியே விரிந்த காது, அதில் கடுக்கன். அன்னங்கள் போகவில்லை, அவை கெட்டி வெள்ளையில் தீட்டியவை, எந்த ஒளியும் ஊடுருவாது. கண்களும் போகவில்லை. ஓவியர் விழிக்கு வெள்ளையும் கருமணிக்குக் கறுப்பும் கெட்டியாக வைத்துவிட்டார்.

அப்பச்சியின் முகம் கிடைத்தது, கண் கிடைக்கவில்லை. ஓவியர் பையனை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் வர்ணம் வைக்குமுன் அடியில் இருந்த கண்ணைப் பார்த்திருக்கிறார். அதன் கோட்டின் மேலேயே தூரிகையை ஓட்டியிருப்பார் என்பது என் கணிப்பு. இமையின் வளைவை நம்பலாம். விழியின் பார்வை அவருடையது. எழுபதாயிரத்தின் ஊகத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அந்த அளவுக்குப் போதுமானதாக இருந்தது.

இரவு விடுதியில் இரண்டையும் பொருத்தினேன். தேவகோட்டைப் படம் பெரிதாக்கியது என்பதால் அதன் மணல்மணலான துகள் வேறு மாதிரி; அளவைச் சுருக்கி, துகளை ஒப்பிட்டு, ஓட்டையின் விளிம்பில் மட்டும் கலந்தேன். கண்களைக் கூர்மையாக்கவில்லை. கோப்பின் குறிப்பிலும், அச்சின் பின்பக்கத்துக்கான சீட்டிலும் எழுதினேன்: முகம் தேவகோட்டைப் பிரதியிலிருந்து, விழிகள் 1951-இல் தீட்டியவை. வாடிக்கையாளர் பலருக்கு இந்தச் சீட்டு பிடிப்பதில்லை. எழுதாமல் கொடுத்தால் இன்னும் முப்பது வருஷத்தில் பேரப்பிள்ளைகள் அந்த விழியைப் பார்த்துத் தங்கள் சாடை என்பார்கள்.

மறுநாள் காலை கானாடுகாத்தானில் மடிக்கணினியை ஆச்சி முன் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "காது அப்பச்சி காதுதான்" என்றார். "எங்க சின்ன ஆம்பளையானுக்கும் இப்படித்தான் நிக்கும்." பிறகு ஒன்று கேட்டார்: பின்சீட்டை இன்னும் பெரிய எழுத்தில் எழுத முடியுமா, படைப்பன்று வருகிறவர்கள் படிக்க வேண்டுமே. எழுதுகிறேன் என்றேன். வெயில் நேராக விழும் தூணில் மாட்டாதீர்கள் என்றதற்கு, "எங்க மாட்டணும்னு எனக்குத் தெரியும், நீங்க சாயம் போகாத காகிதமா பாத்துப் போடுங்க" என்றார்.

கோப்பு போன சில நிமிடங்களில் சிங்கப்பூரிலிருந்து வீடியோ அழைப்பு. மகனுக்குச் சந்தோஷம். ரொம்ப நேரம் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார், நன்றி சொன்னார். பின்னர் தயங்கிக் கேட்டார்:

"எல்லாம் சரி சார். ஐயாவ மட்டும் கொஞ்சம் கலராக்க முடியுமா? பக்கத்துல நிக்கிறவங்களுக்கு ரொம்பக் கறுப்பாத் தெரியுறாரே."

நான் வாயைத் திறக்குமுன் ஆச்சி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஏண்டா, அப்பச்சி கறுப்புத்தான். நானும் கறுப்புத்தான், நீயும் கறுப்புத்தான். தம்பி பஸ்ஸுக்கு நிக்கிறாரு, காச அனுப்பு."